அடியில் என்ன பெயின்ற்?

கணவர் இறந்தபின் அலுமாரியிலேயே இருந்த மொடல் காரை இன்று வெளியே எடுத்தேன். உடல் முழுக்கச் சிவப்பு அடித்து வைத்திருந்தார். கூரைக்கு வெள்ளை மட்டும் பாக்கி.

மகனின் பிறந்தநாளுக்கு அவருடைய பெயின்ற் விசிறும் எயார்பிரஷ்ஷால் நானே முடித்துவிடலாம் என்று தாழ்வுபாட்டு வீதியில் உள்ள வாகனப் பெயின்ற் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவா அடிச்சிருக்கு. அடியில என்ன பெயின்ற் தங்கச்சி, எனாமலோ லாக்கரோ?"

"தெரியாது அண்ணை."

"என்னட்ட லாக்கர்தான் இருக்கு. எனாமலுக்கு மேல அதை அடிச்சா இந்தச் சிவப்பு சுருங்கிப் போயிடும். அடிச்ச ஆளிட்டக் கேட்டிட்டு வாங்கோவன்."

"ஓம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மகன் காரை வாங்கிப் பார்த்தான்.

"ஏனம்மா வெள்ளை அடிக்கேல்ல?"

"அப்பா என்ன பெயின்ற் அடிச்சவர் எண்டு தெரியேல்லையடா."

"அப்ப அப்பா வந்தோடன கேப்பம்."

தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்ற் என்றால், நிதானமாக அடித்தால் அடியில் உள்ளது கெடாதாம், இணையத்தில் பார்த்தேன். ஆகவே காருக்கு யோசனை வேண்டாம்.

நாலு வயதுப் பிள்ளைக்கு மற்றதை எப்படிச் சொல்வது என்று தெரிந்தவர்கள் மட்டும் எழுதுங்கள்.