இரண்டு வெடிகளுக்கு இடையில்

என் பெயர் கனகசபை திருச்செல்வம். லண்டன் ஹரோவில் வசிக்கிறேன். மறைந்த இராசநாயகம் அண்ணைக்கு அஞ்சலி செலுத்தவும், அவருடைய நூலின் பதிப்பாசிரியராக நான் அதிலிருந்து நீக்கிய ஒரு பந்தியைப் பற்றி அவரை அறிந்தவர்களிடம் ஒப்புக்கொள்ளவும் இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை முற்பகல், அந்நூலின் அச்சுப்படியில் பக்க எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கு லண்டன் குட்மேய்ஸிலிருந்து அவருடைய அக்கா அழைத்தார். "தம்பி விடியப் போயிட்டான்" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு மீதிப் பக்கங்களையும் சரிபார்த்து முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

லண்டனுக்கு வருமுன் அண்ணை பாரிஸில் லிப்ட் திருத்துபவராக இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்ஸ் உருவாக்கிய எழுபத்தைந்து மில்லிமீற்றர் விரைவுப் பீரங்கியின் வரலாற்றை எழுத அவரைத் தூண்டியது அந்த இயந்திர அறிவுதான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்த மண்டபத்தில், மேசைமேல் பென்சில் பெட்டியை நகர்த்தி எனக்கு விளக்கினார். முந்திய பீரங்கிகள் சுட்டதும் சக்கரத்தோடு பின்னால் உருளும். ஆட்கள் தள்ளிவந்து மறுபடி குறிபார்க்க வேண்டும். இதிலோ குழல் மட்டுமே பின்னால் சறுக்கும். எண்ணெயும் அழுத்திய காற்றும் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவரும். "இதோட ரெண்டு வெடிக்கு நடுவில இருந்த நேரம் போச்சுது" என்றார். ஆதாரம் கேட்டேன். "தாறன், பொறும். நீர் உம்மட மரணச் சான்றிதழிலயும் கமா திருத்துவீர்."

நான் நீக்கியது இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பந்தி; ஊரில் போர் நடந்த காலத்தைப் பற்றியது: "ஒரு ஷெல் விழுந்தால் அடுத்தது விழுமுன் இருபது எண்ணலாம் என்று அப்பா பல நாள் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் இருந்து கணித்திருந்தார். அக்காவுக்கு மூச்சு முட்டு இழுத்த அன்று, மருந்து எடுத்துவர அந்த இடைவெளியில் அம்மாவை அனுப்பினார். மூன்று எண்ணுமுன் அடுத்தது விழுந்தது. அந்த இருபதும் பீரங்கிக்குத் தேவைப்பட்ட நேரமன்று. சுட்டவர்கள் விட்டுவைத்த நேரம். அப்பா அதை அறிய வழியில்லை."

ஒவ்வொரு கூற்றுக்கும் மூலம் வேண்டும் என்பது என் விதி.

"இதுக்கு மூலம் என்ன, அண்ணை?"

"நான் இருக்கிறனே. காணாதோ?"

"காணாது. ஒருவற்ர ஞாபகம் மட்டும் மூலமாகப் போதாது."

சிரித்தார். பிறகு, "அப்பா சாகுமட்டும் அக்கா அவரோட கதைக்கேல்லை, தம்பி. அப்பாவில பிழையில்லை எண்டு நான் சொன்னாக் கேக்கமாட்டா. அச்சில வந்தா வாசிப்பா" என்றார்.

நான் சிவப்புக் கோடு போட்டேன். அவர் வாதாடவில்லை.

விதி மட்டுமே காரணமன்று. நானும் பங்கருக்குள் எண்ணியவன். அந்தப் பந்தியை வாசித்தபோது வாய் தானாக எண்ணத் தொடங்கியது. அதை நிறுத்தவே கோடு போட்டேன். நிற்கவில்லை. எங்காவது ஒரு கதவு அடித்துச் சாத்தினால் இன்றும் எண்ணுகிறேன். மூன்று தாண்டிய பிறகே கையிலுள்ள வேலையைத் தொடர்கிறேன்.

செத்தவீட்டில் அக்கா என் அருகில் வந்து இருந்தார். "புத்தகத்தில அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறன் எண்டு சொன்னவன். என்ன எழுதினவன்?"

"அச்சில இருக்குது, அக்கா" என்றேன். அது பொய்.

"அப்ப வரட்டும், பாப்பம்."

அண்ணை கைப்பட எழுதிய, சிவப்புக் கோடு விழுந்த அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது அது ஒன்றுதான். அச்சகத்தாரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பந்தியை அதன் இடத்தில் சேர்ப்பேன். அடிக்குறிப்பில், மூலம்: நூலாசிரியர், பங்கருக்குள் இருந்தவர் என்று குறிப்பேன். ஞாயிற்றுக்கிழமை குட்மேய்ஸுக்குப் போவேன். கோடு போட்டவன் நான் என்று முதலில் சொல்லிவிட்டு, அந்தத் தாளை அக்காவின் கையில் கொடுப்பேன்.