மாலை போட்டிருந்தவர்

குடியை விட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டம் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் நடப்பதாக ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னார்.

"நம்ம இராஜபாளையம்னா நாலு பேரு பாப்பாவ. அங்கன்னா வாரேன்" என்றார் கட்டிலில் கிடந்த என் கணவர். அவர் வீடு திரும்பவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, வாரேன் என்று அவர் சொன்ன இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. பஸ் ஏறிப் போனேன். சின்ன அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். மில்லில் என் கணவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். ஒரு வருஷமாகக் குடிப்பதில்லை. கேட்டவர்களிடம் முதலில் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பதாகச் சொன்னார். மாலையைக் கழற்றிய பிறகு மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார். நாங்களும் நம்பியிருந்தோம்.

"இங்க வாரது தெரிஞ்சா அண்ணன் கேலி பண்ணுவாவளோன்னு சொல்லாம இருந்துட்டேன், மதினி" என்று அழுதார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. குடித்துவிட்டு இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தார்களே, அன்றைக்கு எங்கே போயிருந்தது இந்த வெட்கம்?