எஞ்சின் சாதுவான வரலாறு

எங்கள் லாரி நிறுவனத்தில் அவரை எல்லோரும் வைத்தியர் என்றே அழைத்தனர். பட்டம் எதுவும் பெற்றவரல்லர். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டுடன் கல்வியை முடித்துக்கொண்டவர். ஆயினும் ஒரு முழ நீளமுள்ள ஸ்க்ரூ டிரைவர் அவரிடம் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் மீது அதன் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடுவார். அரை நிமிடம் கழித்து, "மூணாவது சிலிண்டர். வால்வு தட்டுது," என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரின் வால்வு தட்டிக்கொண்டிருக்கும். பத்தில் எட்டு முறை இவ்வாறே நடந்தது. மீதி இரண்டு முறை, கழற்றியவன் தவறாகக் கழற்றிவிட்டான் என்பது அவருடைய முடிவு.

நான் அந்நிறுவனத்தின் பயணப் பதிவேட்டை முப்பத்தோராண்டுகள் எழுதியவன். ஆகவே விவரங்கள் பிசகா. அவர் ஓட்டிய லாரிக்கு அப்போது வயது இருபத்தொன்பது. பத்துச் சக்கரம், ஆறு சிலிண்டர். எஞ்சின் ஓட்டுநர் அறைக்குள்ளேயே, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்கு அடியில் குடியிருந்தது. ஓட்டுநரின் இடது காதுக்கும் அதற்கும் ஒன்றரை முழத் தொலைவு. கோடையில் அடுப்பாகவும் குளிரில் கணப்பாகவும் இருந்த அது, எல்லாக் காலத்திலும் பேச்சை நிறுத்தாத உறவினராகவும் இருந்தது. வெப்பமானியின் முள் என்றோ செயலற்றுப்போயிற்று. புதிது மாட்ட வைத்தியர் சம்மதிக்கவில்லை. "முள்ளு பொய் சொல்லும் சார். காது சொல்லாது," என்பார்.

ஐம்பத்தாறாம் வயதில் அவர் ஓர் அரிய செய்தியை அறிவித்தார். எஞ்சின் சாதுவாகிவிட்டதாம்.

"முன்னெல்லாம் கத்திக்கிட்டே வரும். இப்பப் பாருங்க, பூனை மாதிரி. எல்லாம் கவனிப்புதான்."

அந்தப் பூனையைப் பார்க்க எழுந்தேன். என் மேசையிலிருந்த தேநீர்க் குவளை எனக்கு முன்பே நடுங்கத் தொடங்கியிருந்தது.

எஞ்சின் மட்டுமன்று, உலகமே அவர்பொருட்டு அடக்கம் பழகியிருந்தது. வீட்டுக் கடிகாரம் ஓசையை விட்டுவிட்டது. மனிதர்கள் முணுமுணுக்கக் கற்றுக்கொண்டனர். "இந்தக் காலத்துல எவன் வாயைத் திறந்து பேசறான்?" என்று குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய மனைவி வாயைத் திறந்துதான் பேசினார். அவ்வீட்டில் என்ன காய் தீர்ந்துபோயிற்று என்பது தெருமுனை வரைக்கும் தெரியும்.

"ஏங்க, காதைக் கொண்டுபோய்க் காட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"இதோ ரெண்டு பக்கமும் இருக்கே."

"இருந்து என்ன புண்ணியம்? கம்மல் போடக்கூட ஆகாது."

அவ்வாண்டுதான் முதலாளியின் மருமகன் மேலாளராக வந்து சேர்ந்தார். லாரியில் ஏறியறியாதவராகையால் லாரியைப் பற்றி நிறையச் சுற்றறிக்கைகள் எழுதினார். அவற்றுள் ஒன்று, ஐம்பத்தைந்து வயது கடந்த ஓட்டுநர் ஒவ்வொருவரும் செவித்திறன் சான்றிதழ் கொண்டுவர வேண்டும், இல்லாவிடில் இருக்கையை விட்டு இறங்க வேண்டும் என்றது. மேலாளரின் சுற்றறிக்கைகளில் பொருளுடையதாக நான் கண்டது அது ஒன்றே. அதனாலேயே எவரும் அதனை மதிக்கவில்லை.

வைத்தியர் மட்டும் கலங்கினார். பனி மூடிய கணவாயை முந்நூற்றுப் பதினான்கு முறை கடந்தவர் அவர். அந்த இருக்கையில் இருக்கும் வரையில் வைத்தியர். இறங்கிவிட்டால், காய் வாங்கப் பையோடு அனுப்பப்படும் ஒரு மனிதர். இதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

காது மருத்துவமனையில் அவரை ஒரு கண்ணாடிக் கூண்டில் அமர்த்தி, தலையில் ஒலிக்கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஓசை கேட்கும்போது அழுத்த வேண்டும். ஓசை எதுவும் கேட்கவில்லை. ஆனால் கண்ணாடிக்கு வெளியே இருந்த செவிலி, ஒவ்வோர் ஓசையையும் அனுப்புவதற்கு முன் உதட்டைச் சற்றே பிதுக்கும் பழக்கமுடையவர். மூடுபனியில் எதிரே வரும் வண்டியின் விளக்கை ஒரு கல் தொலைவில் கண்டுபிடிக்கும் கண்களுக்கு ஓர் உதடு எம்மாத்திரம்? உதடு பிதுங்கிய போதெல்லாம் பொத்தானை அழுத்தினார். காதால் தேற முடியாத தேர்வில் கண்ணால் தேறினார். இருபது வயது இளைஞனுக்குரிய செவித்திறன் என்று சான்றிதழ் வந்தது. மேலாளர் அதனைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

மறு வாரம், இயந்திர உதிரிகளை ஏற்றிக்கொண்டு வைத்தியர் கணவாய்க்குப் புறப்பட்டார். துணை ஓட்டுநர் அவருடைய மனைவியின் தம்பி. பதினோராண்டுகளாக உடன் வருபவர். சமவெளியில் வைத்தியர் தூங்கும்போது மட்டும் ஓட்ட அனுமதி பெற்றவர். கணவாயில் அவருக்கு இட்ட பணி, சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டுவதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும். இனி நான் சொல்வது அவர் வாயால் கேட்டது.

அடிவாரத்தில், காலை ஏழு மணிக்கு, அவர் வாயைத் திறந்தார்.

"அத்தான், ஏதோ கீச்சுன்னு சத்தம் வருது."

"என்னது?"

"கீச்சுன்னு!" என்று கத்தினார்.

வைத்தியர் வண்டியை நிறுத்தி, தகர மூடியைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் கண்ணை மூடினார். கைப்பிடி வழியே ஆறு சிலிண்டர்களின் கனத்த துடிப்பு தாடை எலும்பில் இறங்கியது. அத்துடிப்பில் குறையில்லை.

"ஒன்னுமில்ல. உன் காதுல அழுக்கு. வீட்டுக்குப் போனதும் எண்ணெய் விடு."

"அத்தான், நிஜமாவே கேக்குது."

"மாப்ளே, சான்றிதழ் யார் பேருல இருக்கு?"

வண்டி மறுபடியும் கிளம்பியது. மேலும் நாற்பது கிலோமீட்டர் அந்தக் கீச்சொலி மைத்துனருக்கு மட்டும் தனியாகக் கச்சேரி செய்தது. பத்து மணிக்கு, ஏற்றத்தின் உச்சிக்குச் சற்று முன்னால், அது திடீரென நின்றது. மைத்துனர் நிம்மதியடைந்தார். அடுத்த நிமிடம் மூடியின் இடுக்கிலிருந்து வெண்புகை சீறியது.

வாட்டர் பம்பின் பேரிங் இறுகிப்போய், பெல்ட் அறுந்து பறந்துவிட்டது. எஞ்சினை உடனே நிறுத்தியாக வேண்டும். இல்லையேல் கொதித்தே உருகும். நிறுத்தினால் வேறொரு வகையான அழிவு காத்திருந்தது. உறையாமல் காக்கும் திரவத்தை அந்தக் கிழட்டு ரேடியேட்டர் ஒழுகவிடும் என்று வைத்தியர் எப்போதும் வெறும் தண்ணீரையே ஊற்றுவார். ஓடாத எஞ்சினில் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் பனிக்கட்டியாகி, வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும்.

இங்கே வைத்தியரைக் குறை சொல்ல எனக்கு இடமில்லை. சக்கரத்துக்குக் கல் போட்டு, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கொதிக்கும் தண்ணீர் முழங்கையில் வழிய, வடிகுழாய்களைத் திறந்து சொட்டு மிச்சமின்றி இறக்கினார். காற்று முகத்தை அறைந்தது. கையுறையோடு நட்டைப் பிடிக்க முடியாது; கையுறையைக் கழற்றினால், ஆறி உறைந்த இரும்போடு தோல் ஒட்டிக்கொண்டு போய்விடும். ஒரு நட்டுக்கு ஒருவர் என்று மாறி மாறிக் கையுறையைக் கழற்றி வேலை செய்து, பழைய பம்பை வெளியே எடுத்தனர்.

மைத்துனர் அதைக் கையில் வாங்கினார். நடுத்தண்டு ஆறிச் சற்றுத் தளர்ந்திருந்தது. பிடித்து வலிந்து ஒரு சுற்றுச் சுற்றினார். உடனே முகம் கோணி, கண்களை இறுக்கி, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டார்.

வைத்தியர் அந்த முகத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை சுத்து."

சுற்றினார். முகம் மறுபடியும் கோணியது.

வைத்தியர் பம்பை வாங்கி வலக் காதோடு வைத்துத் தாமே சுற்றினார். பிறகு இடக் காதோடு வைத்துச் சுற்றினார். மைத்துனர் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றார். வைத்தியர் பம்பைப் பனியில் வைத்துவிட்டு வெகுநேரம் கைகளைத் துடைத்தார்.

கருவிப் பெட்டியில் மாற்றுப் பம்பும் பெல்ட்டும் இருந்தன. மாட்டி முடிக்க மூன்றரை மணி நேரம். ஸ்டவ்வில் பனியை உருக்கித் தண்ணீர் சேர்த்தனர். கூழாகிப்போன ஆயிலை இளக்க, எஞ்சினின் அடித்தொட்டிக்குக் கீழே தகரத் தட்டில் டீசல் துணியைக் கொளுத்தி வைத்தனர். மூன்றாம் முயற்சியில் எஞ்சின் உயிர்பெற்றது.

வைத்தியர் மூடியை இறக்கிவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு இடப்புறக் கதவுக்குப் போனார்.

"என்ன அத்தான், கதவு மாறிப் போறீங்க?"

"முட்டி வலிக்குது. நீ ஓட்டு."

"கணவாயிலயா? நானா?"

"பின்ன, எஞ்சினே தனியா ஓட்டிக்கிட்டுப் போகுமா? ஏறுடா."

மைத்துனர் ஏறினார். உச்சியைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் வைத்தியர் கேட்டார்.

"கீச்சு வருதா?"

"இல்ல அத்தான்."

"நல்லாக் கேட்டுச் சொல்லு."

"இல்ல அத்தான். சுத்தமா இல்ல."

"வேற ஏதாவது?"

"பின்னாடி சங்கிலி ஒன்னு லேசா தட்டுது."

"அப்ப நிறுத்து. இறங்கிப் பார்ப்போம்."

ஊர் திரும்பியதும், முழங்கால் வலியைக் காரணம் காட்டி, தாம் இனித் துணை இருக்கையில் வருவதாக எழுதிக் கொடுத்தார். மேலாளர் வருந்தினார், முழங்கால் மருத்துவரின் முகவரியைக் குறித்துக் கொடுத்தார், இருபது வயதுக் காதையுடைய ஓட்டுநரை இழப்பது நிறுவனத்துக்குப் பெருங்கேடு என்றார். வைத்தியருக்கு அது கேட்டிருக்காது. ஆயினும் தகுந்த இடத்தில் தலையசைத்தார்.

அடுத்த மூன்று குளிர்காலங்களும் மைத்துனரே கணவாயைக் கடந்தார். வைத்தியர் பக்கத்தில் அமர்ந்து, கியர் போட்ட விதம், பிரேக் மிதித்த விதம், மூச்சு விட்ட விதம் அனைத்திலும் குற்றம் கண்டுகொண்டே போனார். வாய்க்குச் சான்றிதழ் கேட்கும் சுற்றறிக்கையை மேலாளர் இன்னும் எழுதவில்லை.