பச்சை விளக்கு வைத்துக்கொண்டவர்

பிரிக்ஃபீல்ட்ஸில் போன் பழுதுபார்க்கும் அவருக்கு என் வயதுதான் இருக்கும். தொந்தியும் நெற்றி நிறைய விபூதியுமாக இருப்பார். எந்தப் போனைக் கொடுத்தாலும் முதலில் தன் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பார்.

காப்பார் சாலையில் என் மகள் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த அன்று, அலுவலக விதிப்படி என் போன் சத்தமில்லாமல் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அழைத்த எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் தேறிவிட்டாள், எனக்குத்தான் படபடப்பு இன்னும் அடங்கவில்லை. அவள் அழைத்தால் மட்டும் போனின் மூலையிலுள்ள சின்ன விளக்கு தனி நிறத்தில் மின்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டேன்.

“அதுக்கு ஆப் இருக்கு அக்கா. என்ன கலர் வேணும்?”

“சிவப்பு.”

“வேணாம் லா. பேட்டரி கொறைஞ்சாலும் சிவப்புதான் வரும். ஒவ்வொரு தடவையும் பயந்துருவீங்க.”

“அப்ப பச்சை.”

“சார்ஜ் ஃபுல்லானா பச்சை எரியும். ரெண்டும் கொழம்பிப் போகும். நீலம் வைங்க.”

வைத்துக் கொடுத்தார். அப்போது மேசையில் சார்ஜில் கிடந்த அவருடைய போனில் பச்சை விளக்கு எரிந்தது.

“உங்க போன் ஃபுல்லாயிருச்சு போல,” என்றேன்.

“இருக்கும். என் மகனுக்கும் பச்சைதான் வெச்சிருக்கேன். மெல்பர்ன்ல இருக்கான்.”

“உங்களுக்குக் கொழம்பாதா?”

“அவன் எங்க கூப்பிடறான், அக்கா? இப்படி வெச்சா தினம் ஒரு தடவையாவது எரியுதுல்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் ஒயரைப் பிடுங்குவதற்கு முன், திரையைத் திறந்து யாரென்று ஒருமுறை பார்த்தார்.