ஜெயப்பிரியா ஆசைப்படும் மொழி

"ஆப்லே! ஆப்லேஸ்! ஆப்லே! ஆப்லேமோஸ்!"

சமையலறையிலிருந்து கேரட் துருவும் சத்தமும் ஜெயப்பிரியாவின் குரலும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. கூடத்தில் பேப்பர் விரித்திருந்த அவள் கணவர் பொன்னுவேல் தன்னையறியாமல் காலால் தாளம் போட்டார். மூன்று மாதமாக இதே கச்சேரி!

பெருமாள்மலையில் அவர்களுடையது மூன்று அறை ஹோம்ஸ்டே. சீசன் முடிந்தால் அறைகளில் குளிர் மட்டுமே குடியிருக்கும். ஸ்பெயின்காரர்களை அழைத்து வரும் கம்பெனி ஒன்று வீடு தேடுகிறது. வீட்டில் ஒருவராவது அவர்கள் மொழி பேச வேண்டுமாம். நாற்பத்தெட்டு வயதில் போனைத் திறந்து பாடம் படிக்க உட்கார்ந்துவிட்டாள் ஜெயப்பிரியா.

அதிலும் ஒரு கூத்து. சாதாரணமாகப் பேசும் பாடங்களைத் தாண்டி, ஆசையையும் மரியாதையையும் சொல்லும் பாடத்துக்கே தாவிவிட்டாள்.

"இருக்கு, இல்லைங்கிறதுக்குக் கையக் காட்டிரலாம்ங்க. 'சாப்பிடுங்க'ன்னு மரியாதையாச் சொல்ல வேணாமா?"

இலக்கணமும் அவளுக்குக் கல்யாணப் பேச்சுதான். "பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிற கதைங்க. 'ஆ' இருந்த வீட்டுக்கு 'ஏ' வரும், 'ஏ' இருந்த வீட்டுக்கு 'ஆ' போகும். பேசுறாருங்கிற ஆப்லா, பேசுங்கன்னா ஆப்லே ஆயிரும்; சாப்பிடுறாருங்கிற கோமே, சாப்பிடுங்கன்னா கோமா ஆயிரும். சோலி முடிஞ்சது!"

"சாப்பிட வந்தவுகளக் கோமாங்கிற. ஆஸ்பத்திரின்னு நெனச்சு ஓடிரப் போறாக."

"ஒங்களுக்கு எப்பப் பாரு நக்கலு!"

பதினொரு மணிக்குக் கம்பெனியிலிருந்து வீடு பார்க்க லூசியா வந்தாள். "பாஸே!" என்று உள்ளே அழைத்து, "கோமா!" என்று அல்வாவை நீட்டினாள் ஜெயப்பிரியா. லூசியா முகம் மலர்ந்தது. பிறகு நோட்டை எடுத்தாள், ஸ்பானிஷிலேயே கேள்விகள் ஆரம்பித்தன.

வை-ஃபை வேலை செய்யுமா?

ஜெயப்பிரியாவுக்கு ஆசைப்பட மட்டுந்தானே தெரியும்? "எஸ்பேரோ கே ஃபுன்சியோனே." வேலை செய்யட்டும் என்று ஆசைப்படுகிறேன்!

குரங்கு உள்ளே வருமா?

"எஸ்பேரோ கே நோ என்ட்ரேன்." நுழையாமல் இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன்!

லூசியாவின் பேனா நின்றது. கேட்டுக் கேட்டே பாதி மொழி கற்றிருந்த பொன்னுவேலின் நெஞ்சும் நின்றது. போச்சு!

லூசியா சிரித்தாள். கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொன்னுவேலைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "ஏழு வீடு பார்த்தேன். ஏழிலும் வை-ஃபை பறக்கிறதாம், குரங்கே கிடையாதாம். பிப்ரவரியில் ஆறு பேரை இங்கே அனுப்புகிறேன்."

கணவர் சொல்லிக் கேட்ட ஜெயப்பிரியா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

வாசலில் லூசியா, "ஆதியோஸ்" என்றாள். ஜெயப்பிரியா பதறிவிட்டாள். நல்ல சேதி சொன்ன ஆள் 'போகிறேன்' என்றா போவது? கையைப் பிடித்து நிறுத்தினாள். "எஸ்பேரோ கே ரெக்ரேஸே!" திரும்பி வரவேண்டும்!

வருகிறேன் என்று லூசியா மூன்று முறை தலையாட்டிய பிறகே கை விடுபட்டது. ஜீப் கிளம்பியது. ஜெயப்பிரியா கதவைச் சாத்தினாள்.

பொன்னுவேல் தாழ்ப்பாளைத் தொட்டார். புறங்கையில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது.

"இருங்க! வண்டி இன்னும் வளைவு தாண்டல. தாழ் போடுற சத்தம் போறவுக காதுல விழலாமா?" என்றவள், சாத்திய கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.