கீழ்ப்படியில் திரும்பாத முகம்

கலைக்கூடத்திலிருந்து கடிதம் வந்ததும், "என்ன பிடுங்கப் பாக்கினம்?" என்றுதான் முதலில் கேட்டேன். மகள் சிரித்தாள். கையெழுத்துக் கேட்டு வருகிற எந்தக் கடிதத்தையும் நான் நம்புவதில்லை. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்ற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் முதலில் இருந்த வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு வெள்ளைக்காரி இருந்தாள். இந்த நாட்டில் வீடியோவைக் கலையாக்கிய முதல் ஆட்களில் அவளும் ஒருத்தியாம். அது இப்போதுதான் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அவள் மாடிப்படியின் உச்சியில் கமராவை நிறுத்தி, ஏறி இறங்குகிற எங்களைப் படம் பிடித்தாள் என்பதுதான். கலியாணமும் இல்லை, சாமத்திய வீடும் இல்லை. வெறும் படிக்கட்டை எவள் படம் எடுப்பாள்?

"கலையாம். கேட்டுப்போட்டுத்தானே எடுக்கிறாள்" என்றார் என் கணவர்.

"கலையாவது மண்ணாங்கட்டியாவது. உங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஷிப்டுக்குப் போறதை எடுத்துக் குரோய்டனுக்கு அனுப்பினால்?"

அவள் தந்த கேக்கைக்கூட மணந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுத்தேன்.

அந்த ஆண்டு முடியுமுன்னே அவர் மாரடைப்பில் போய்விட்டார். மகளுக்கு இரண்டு வயது. மிச்சமிருப்பவை விண்ணப்பங்களுக்கு எடுத்த நாலு படங்கள், எல்லாவற்றிலும் ஒரே விறைத்த முகம். அப்பா எப்படிச் சிரிப்பார் என்று மகள் கேட்பாள். என்னத்தைக் காட்டுவது?

மேல்மாடிக்காரியும் இப்போது இல்லை. அவளுடைய டேப்புகளைக் காட்சிக்கு வைக்கிறார்கள், ஒன்றில் நாங்கள் இருக்கிறோம், அதற்குச் சம்மதம் வேண்டும். இதுதான் கடிதம். என் சந்தேகம் போகவில்லை. ஆனாலும் அவரைப் பார்க்கலாமே என்ற ஆசையில் மகளோடு போனேன்.

திரையில் எங்கள் படிக்கட்டு வந்தது. அவர் ஏறிவரும்போது தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். என் ஏற்பாடு. அடுத்தது, வேலைக்கு இறங்கிப் போகிறார். கீழ்ப்படியில் நின்று, திரும்பி என்னைப் பார்த்து, "போட்டு வாறன்" என்று சிரித்து விடைபெறுவது அவர் வழக்கம். நின்றார். கழுத்து மெல்லத் திரும்பியது. அப்போது என் குரல்:

"திரும்பாதேங்கோ!"

கழுத்து அப்படியே நின்றது. கதவைப் பார்த்தபடி, "போட்டு வாறன்" என்றார். போய்விட்டார்.

பாவி, நான்தான் மறைத்தேன்.

கலைக்கூடத்துப் பெண் குனிந்து ஏதோ கேட்டாள். "படத்துக்குக் கீழை எழுத வேணுமாம், அம்மா. அப்பா சொன்னதைச் சொல்லிப்போட்டன். நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு கேக்கிறா" என்றாள் மகள்.

"'போட்டு வாங்கோ' எண்டு சொல்லு."

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாக விளங்கும். பிறகு நான் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். நான் கையெழுத்தைப் போட்டேன்.