ஏற்கெனவே இருந்த நோய்

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆனபோது சீதாலெட்சுமிக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். பகலெல்லாம் புடவைக் கடையில் நின்று சேலை விரித்துக் காட்டுவாள். வீடு திரும்பினால் அண்ணியின் முகத்தைப் பார்த்துத்தான் தட்டில் சோறு போட்டுக்கொள்வாள்.

கடைக்கு மனைவியோடு வந்த இன்சூரன்ஸ்காரர் விஜயன்தான் ஆசை காட்டினார். "இவ்வளவு நல்லா பேசுறீங்க. சேலைய மட்டும் வித்துக்கிட்டிருந்தா எப்படிக்கா? எங்க டீம்ல சேருங்க லா."

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தனியார் மருத்துவமனைகள் பெருகிக்கொண்டிருந்தன. ஓட்டல் மண்டபம் ஒன்றில் மருத்துவ இன்சூரன்ஸ் விற்கப் பயிற்சி நடந்தது. எல்லாம் ஆங்கிலம். சீதாலெட்சுமி மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவள். 'ரூம் அண்ட் போர்டு' என்றதும் அறைவாசலில் தொங்கும் பெயர்ப்பலகை என்று நினைத்துக் கேட்டுவிட்டாள். மண்டபமே சிரித்தது. "படுக்கையும் சாப்பாடும்கா," என்றார் விஜயன், அவரும் சிரிப்பை அடக்க முடியாமல்.

அதன்பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. 'ப்ரீ-எக்ஸிஸ்டிங்' என்ற சொல் வந்தது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் கிடையாது என்பது வரை புரிந்தது. நோய் என்றால் புற்று, சிறுநீரகம் என்று ஆளைப் படுக்கையில் தள்ளும் நோயாகத்தான் இருக்கும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

பாலிசி விற்க அவள் முதலில் போனது கிள்ளானில் ரமணி வீட்டுக்கு. இருவரும் ஜெஞ்சாரோம் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ரமணியின் கணவர் தம்புசாமி துறைமுகத்துக்கு லோரி ஓட்டினார். வாய் ஓயாத மனிதர்.

"அண்ணே, நோய்நொடி ஏதாச்சும் உண்டா?"

"எனக்கென்னம்மா நோய்? பிரஷர் ஒண்ணுதான். கவர்மென்ட் கிளினிக்ல மாத்திரை குடுக்குறாங்க."

"பிரஷர் யாருக்குத்தாண்ணே இல்ல? அது நோயில சேராது."

விண்ணப்பத்தில் நோய் இல்லை என்று எழுதினாள். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. தெரிந்ததைத்தான் எழுதினாள். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் அவள் காட்டிய இடத்தில் தம்புசாமி கையெழுத்துப் போட்டார்.

இன்சூரன்ஸ் அட்டை வந்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சாயாக்கடையில் கூட்டாளிகளிடமெல்லாம் எடுத்துக் காட்டினார். கிளினிக் பக்கம் போவதை நிறுத்தினார். "விடியுமுன்னே போய் நம்பர் எடுத்துக்கிட்டு யாரு உக்காந்திருக்கிறது? நமக்கு இனி பிரைவேட்தான்," என்றார். இருந்த மாத்திரை தீர்ந்தது. வேறு வாங்கவில்லை. ரமணி இதைத் தொலைபேசியில் சொன்னபோது சீதாலெட்சுமியும் சேர்ந்து சிரித்தாள்.

மறு வருடம் தீபாவளி நெருங்கிய சமயம், லோரியின் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வாய் கோணிவிட்டது. அட்டை இருக்கிறதே என்று கூட்டாளிகள் நேராகத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

சீதாலெட்சுமி பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது ரமணி கவுன்டருக்கு முன்னால் நின்றிருந்தாள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொல்லியிருந்தாள்: பல வருடமாகப் பிரஷர், கிளினிக் மாத்திரை, இப்போது நிறுத்திவிட்டது எல்லாம். அது இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனது. கம்பெனி பணம் தர முடியாது என்றது.

சீதாலெட்சுமி பொதுத் தொலைபேசியில் விஜயனைப் பிடித்தாள்.

"அக்கா, இது ப்ரீ-எக்ஸிஸ்டிங். நீங்க நோய் இல்லன்னு போட்டிருக்கீங்க. ஒண்ணும் செய்ய முடியாது."

"பிரஷர்கூடவா?"

"பிரஷர், சுகர், எல்லாந்தான். டிரெய்னிங்ல சொன்னாங்களே."

"சொன்னாங்க. எனக்குப் புரியல."

"நான் மீட்டிங்ல இருக்கேன்கா," என்றார் விஜயன்.

முன்பணம் கட்ட வழியில்லை. அன்று மாலையே தம்புசாமியை அரசாங்க மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே நன்றாகத்தான் கவனித்தார்கள். உயிர் தப்பியது. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. "மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?" என்று ஒரு இளம் டாக்டர் கேட்டார். ரமணி சீதாலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் சீதாலெட்சுமி தாங்கியிருப்பாள்.

அப்புறம் சீதாலெட்சுமி, தன்னிடம் பாலிசி எடுத்தவர்களை, பிரஷரும் சுகரும்கூட நோய்தான் என்று சொல்ல, வீடு வீடாகத் தேடிப் போனாள். சிலர் கதவையே திறக்கவில்லை. செந்தூல் பிளாட்டில் தனலெட்சுமி என்ற சர்க்கரைக்காரப் பெண் மட்டும் முழுக்கக் கேட்டாள்.

"சுகர் இருக்குன்னு சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. சொல்லாட்டி குடுக்க மாட்டாங்க. அப்போ இது யாருக்குத்தாங்கா?"

சீதாலெட்சுமி இறங்கிப் போகையில் பாதிப் படியில் உட்கார்ந்து, கீழே பிள்ளைகள் பந்து உதைப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஏஜெண்ட் வேலையை விட்டுவிட்டு, புடவைக் கடைக்கே திரும்பினாள். முதலாளி சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு சேர்த்துக்கொண்டார்.

வாடகை கொடுக்க முடியாமல் ரமணி கணவரோடு ஜெஞ்சாரோமில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டாள். ஓய்வு நாட்களில் சீதாலெட்சுமி பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய்வந்தாள். அவளைக் கண்டதும் தம்புசாமி இடது கையை நீட்டுவார். நாற்காலியைக் காட்டி ஏதோ சொல்ல முயல்வார். உட்காரச் சொல்கிறார் என்பது புரியும். பிறகு முகம் கோணி அழுவார்.

ஒருநாள் ரமணி வாசல்வரை கூடவே வந்தாள்.

"இனிமே வராத சீதா."

"ரமணி..."

"நீ வந்துட்டுப் போனா அவரு சோறு திங்க மாட்டேங்கிறாரு. அழுதுகிட்டே கெடக்காரு. நான் வேலைக்குப் போகணும். என்னால முடியல."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். பழத்தை உள்ளே எடுத்துவைத்துவிட்டு, காலிப் பையை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

சீதாலெட்சுமி பிறகு அங்கே போகவில்லை. தம்புசாமி இறந்ததையே, கடைக்குச் சேலை எடுக்க வந்த ஊர்க்காரி ஒருத்தி பேச்சோடு பேச்சாகச் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அதற்குள் கருமாதியும் முடிந்திருந்தது. "உங்களுக்குச் சொல்லலையாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். சீதாலெட்சுமி விரித்த சேலையை மடிக்கத் தொடங்கினாள். ஓரங்கள் சேரவேயில்லை.